மகாவலியும் அதன் மீனினமும்

12 ஆம் நூற்றாண்டிற் பொலநறுவையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன், வானினின்று வீழும் நீரிற் சிறிதளவேனும் மாந்தர்க்குப் பயன்படாமற் கடலைச் சென்று சேரலாகாது என்னும் உறுதி பூண்டிருந்தான் என்று சூளவம்சம் சொல்லும். இலங்கையின் பள்ளிக்கூடங்களிற் படித்தவர் இச்செய்தியை அறியாதிருத்தல் அரிது. அணைக்கட்டுத் திறப்பு விழாக்களிலும் நீர்ப்பாசனம் பற்றிய சொற்பொழிவுகளிலும் இது பன்முறை எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. உலர் வலயத்துக் கமக்காரனுக்கு இதனை ஐயுறும் எண்ணமே எழாது. மழை பொய்த்த ஆண்டிற் குளத்தின் அடியில் வெடித்துக் கிடக்கும் சேற்றைப் பார்த்து நின்றவனுக்கு, ஆற்றோடு ஓடிக் கடலிற் கலக்கும் நீர் களவு போன செல்வமாகவே தோன்றும்.

ஆயினும் வரலாற்றைக் கற்போர் இங்கே ஒரு வினாவை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். கடலைச் சேரும் நீர் அனைத்தும் வீணாகும் நீர்தானா? ஆறு ஓடும் வழியெல்லாம் அந்நீரையே நம்பி வாழும் உயிர்கள் உண்டு. அவ்வுயிர்களின் பக்கமாக நின்று நோக்கினால், இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கையின் வரலாறு சற்று வேறு வகையாகத் தோன்றும். மன்னர்களின் பெயர்களும் அணைகளின் உயரங்களும் நிறைந்த அவ்வரலாற்றில், மீன்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. அப்பக்கத்தைச் சிறிது புரட்டிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர். இலங்கைத் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழைநீர் இவ்வாற்றிலேயே வந்து சேருகின்றது. மத்திய மலைநாட்டில், அற்றன், நுவரெலியாப் பகுதிகளில் ஊறும் ஓடைகள் ஒன்றுகூடிக் கம்பளையையும் பேராதனையையும் கடந்து கண்டி நகரை வளைத்துச் செல்கின்றன. அப்பால் ஆறு கிழக்கு நோக்கி மலைச் சரிவுகளிற் பாய்ந்து இறங்கி, மினிப்பேக்கு அணித்தாக வடக்கே திரும்பி, மகியங்கனையையும் மனம்பிட்டியையும் தாண்டிச் சமவெளியிற் பரந்து ஓடுகின்றது. இறுதியிற் கிளைகளாகப் பிரிந்து, ஒரு கிளை மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவிலும், வெருகல் ஆறு எனப் பெயர் பெறும் மற்றொரு கிளை அதற்குத் தெற்கேயும் கடலைச் சேர்கின்றன. தலைப்பகுதிக்குத் தென்மேற் பருவக்காற்று மழையை அளிக்கின்றது. அடிப்பகுதிக்கு வடகீழ்ப் பருவக்காற்று மாரியைக் கொண்டுவருகின்றது. ஆதலால் ஆண்டின் இரு வேறு காலங்களில் இரு வேறு பெருக்குகள் இவ்வாற்றில் எழுவது இயற்கையின் ஒழுங்காக இருந்தது.

இவ்வொழுங்கிற்கு இசையவே ஆற்று மீன்களின் வாழ்க்கையும் அமைந்தது. மலைப்பகுதியிற் பாறைகளிடையே விரைந்து ஓடும் நீரில் வாழும் மீன்கள் ஒரு வகை. அவற்றுட் சிறப்புடையது லேபியோ பிசேரி என விஞ்ஞானிகள் பெயரிட்ட கெண்டையினம். 1917 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய ஜோர்டனும் ஸ்ராக்சும் இதனை உலகுக்கு அறிமுகஞ் செய்தனர். மகாவலியின் மேற்பகுதியே இதன் வாழிடம். இலங்கைக்கு வெளியே இம்மீன் இல்லை. பாறைகளிற் படிந்து வளரும் பாசியைச் சுரண்டித் தின்று வாழும் இதற்கு, ஆழமான, பாறை நிறைந்த, ஓட்டமுள்ள நீர் இன்றியமையாதது. நீர் தேங்கி, பாறையின் மேற் சேறு படியுமாயின், இதன் உணவும் உறைவிடமும் ஒருசேர மறைந்துபோகும்.

சமவெளி மீன்களின் வழக்கம் வேறு. மாரி காலத்தில் ஆறு கரை புரண்டு ஓடும்போது, இரு மருங்குமுள்ள தாழ்ந்த நிலங்களில் நீர் பரவி நிற்கும். இந்நீர்நிலைகளை மக்கள் வில்லு என்று அழைப்பர். இலங்கையின் உள்நாட்டிலே இயற்கையாய் அமைந்த ஏரிகள் என்று சொல்லத்தக்கவை ஏறக்குறைய இவ்வில்லுகள் மட்டுமே. ஏனையவெல்லாம் மனிதன் வெட்டிய குளங்கள். வெள்ளம் ஏறும்போது கெளிறும் கெண்டையும் விராலும் ஆற்றினின்று வில்லுகளுக்குள் நுழைகின்றன. ஆழமற்ற, இளஞ்சூடான, புல்லும் பூண்டும் நிறைந்த அந்நீர் குஞ்சுகள் வளர ஏற்ற தொட்டிலாகும். வெள்ளம் வற்றும்போது வளர்ந்த மீன்களிற் பல மீண்டும் ஆற்றுக்குத் திரும்புகின்றன. நீர் வற்றிய நிலத்திற் பசும்புல் தழைக்க, கோடை காலத்தில் யானைகளும் மான்களும் மாட்டு மந்தைகளும் அங்கே மேய வருகின்றன. ஆகவே, வெள்ளம் என்று மனிதர் அஞ்சும் ஒன்று, மீனுக்கும் விலங்குக்கும் ஆண்டுதோறும் அளக்கப்படும் படியாக இருந்தது.

இனி விலாங்கைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான ஆற்று மீன்கள் ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே மடிவன. விலாங்கோ கடலிற் பிறந்து, சிறு குஞ்சாகக் கழிமுகத்தை அடைந்து, ஆற்று வழியே ஏறி, ஈரப்பாறைகளையும் ஊர்ந்து கடந்து மேலே செல்கின்றது. ஆற்றிலே பல ஆண்டுகள் வளர்ந்த பின், முட்டையிடும் பொருட்டு மீளவும் கடலுக்கே போகின்றது. அதற்கு ஆறு என்பது இரு திசைகளிலும் திறந்திருக்கவேண்டிய ஒரு பாதை.

பண்டைய மன்னர்கள் இப்பாதையை அடைத்தார்களா? அவர்கள் ஆற்றின் நீரைத் திருப்பினார்கள் என்பதில் ஐயமில்லை. மகாசேனன் மின்னேரியாக் குளத்தை அமைத்தான். மகாவலியின் கிளையாகிய அம்பன் கங்கையை எலகெரயில் மறித்து, அதன் நீரைக் கால்வாய் வழியே மின்னேரியாவுக்கும், பின்னர் கந்தளாய்க்கும் கொண்டு சென்றனர். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது திருகோணமலைத் தமிழரிடையே வழிவழியாக வந்த மரபு. பராக்கிரமபாகுவின் பெருங்குளமும் அம்பன் கங்கை நீரையே பெற்றது. மகாவலியின் தலையாற்றில் மினிப்பேயில் ஓர் அணையும் கால்வாயும் அமைந்தன. ஆயினும் இவ்வணைகள் தாழ்ந்தவை. கோடையில் நீரைத் திருப்பிய இவற்றை மாரிப் பெருக்குத் தாண்டி ஓடியது. பேராற்றை முற்றாக மறித்து நிற்கும் உயர்ந்த அணை எதுவும் அக்காலத்தில் எழவில்லை.

மீனினத்தைக் காக்கும் எண்ணத்தோடுதான் முன்னோர் இவ்வாறு செய்தனர் என்று கொள்வது மிகையாகும். மலையிடுக்கிற் பேராற்றை மறிக்கும் வலிமை அவர்களிடம் இருக்கவில்லை என்பதே உண்மை. எனினும் அதன் பயன் நன்றாகவே அமைந்தது. ஆறும் ஓடியது, குளமும் நிறைந்தது. ஆற்று மீன்களுட் சில வாய்க்கால் வழியே குளங்களிற் புகுந்து, அங்கே குடியேறின. கோடையின் முடிவிற் குளம் வற்றும்போது ஊரார் கூடி மீன் பிடிப்பதும் கிராம வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று.

17 ஆம் நூற்றாண்டு நிலையை அறிய இறோபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நூல் உதவுகின்றது. 1660 ஆம் ஆண்டில், மகாவலி கடலோடு கலக்கும் அதே கொட்டியாரத்திலேதான் அவர் சிறைப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்துத் தப்பிச் சென்று, 1681 இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். சிற்றோடைகளிலும் மீன்கள் மலிந்திருந்ததையும், அடியும் முடியும் திறந்த கூடையை நீரிற் கவிழ்த்து மக்கள் அவற்றைப் பிடித்ததையும் அவர் எழுதுகின்றார். நம்மவர் கரப்பு என்று கூறும் கருவி அதுவே. அரசனின் கட்டளையால் ஆற்றின் சிலவிடங்களில் மீன்கள் பிடிக்கப்படாது உணவூட்டிக் காக்கப்பட்டன என்பதும் அவர் தரும் செய்தி.

பிரித்தானியர் ஆட்சியில் ஆற்றுக்கு வந்த முதலாவது பெருமாற்றம் அணையால் அன்று, கோடரியால் நேர்ந்தது. 1830 களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், அந்நிலங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் மலைநாடு செல்வம் ஈட்டிற்று. அச்செல்வத்தின் விலையாக மலைச்சரிவின் மண் மழைதோறும் ஆற்றில் இறங்கியது. நிழல் தந்த மரங்கள் போயின. தெளிந்த ஓடைகள் கலங்கின. பாறையிடுக்குகளில் முட்டையிடும் மீன்களுக்குச் சேறு பகையாயிற்று.

அதே காலத்தில் வேற்றுநாட்டு மீன்களும் வரத் தொடங்கின. தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்குக்காக 1880 களில் இங்கிலாந்தின் திறவுற் மீன் நுவரெலியா ஓடைகளில் விடப்பட்டது. தூண்டில் போடும் கனவான்களுக்கு அது தாய்நாட்டு நினைவை ஊட்டியிருக்கலாம். பிற உயிர்களைத் தின்னும் அம்மீன், மலையுச்சியின் சிறிய நீருயிர்களுக்குப் புதிய எதிரியாக வந்தது.

மீனின் வரலாற்றில் 1952 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில், தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த போல் தெரணியகலை, இலங்கை மீன்களைப் பற்றிய வண்ணப்படத் தொகுதியை வெளியிட்டார். இந்நாட்டு மீன்களை இந்நாட்டு அறிஞர் ஒருவரே விரிவாக ஆராய்ந்து பதித்த அரிய நூல் அது. அதே ஆண்டிலேதான் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா மீனும் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. கிராமத்தவர் பலர் யப்பான் மீன் என்று சொல்வது இதனையே.

திலாப்பியாவின் வரவால் விளைந்த நன்மையை மறைத்தல் நீதியன்று. ஆற்றில் வாழப் பழகிய சுதேச மீன்கள், தேங்கிய நீரையுடைய பெருங்குளங்களின் உணவை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. இயற்கை ஏரிகள் இல்லாத நாட்டில் ஏரிமீன் இல்லாதிருப்பது வியப்பன்று என்பதை நீரியல் அறிஞர் சி. எச். பெர்னாண்டோ விளக்கியுள்ளார். வெற்றிடமாயிருந்த அவ்விடத்தைத் திலாப்பியா நிரப்பியது. உலர் வலயத்து ஏழைக் குடும்பங்களுக்கு மலிவான புரத உணவு கிடைத்தது. குளத்து மீன்பிடி ஒரு தொழிலாயிற்று. 1990 இல் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவை அரசு நிறுத்தியபோது அத்தொழில் வாடியதும், 1994 இல் ஆதரவு மீண்டபோது தழைத்ததும் அதன் பெறுமதியைக் காட்டும். ஆயின் குளத்துக்கு ஏற்ற மீன், ஆறு குளமாக மாறும் இடத்திலெல்லாம் ஆற்று மீனை வெல்லும் என்பதையும் மறத்தல் கூடாது. அடுத்து நிகழ்ந்தது அத்தகைய மாற்றமே.

1965 முதல் 1968 வரை ஐக்கிய நாடுகளின் நிறுவனங்களது துணையோடு மகாவலி அபிவிருத்திக்கான பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 900,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் வழங்குவதும், மின்வலு பெறுவதும் அதன் குறிக்கோள்கள். முப்பது ஆண்டுகளிற் படிப்படியாக நிறைவேற்றவேண்டும் என்பது முதலெண்ணம். 1976 இற் கண்டிக்கு அண்மையிற் பொல்கொல்லை அணை முடிவடைந்தது. அங்கிருந்து மலையைக் குடைந்த 8 கிலோமீற்றர் சுரங்கவழி, மகாவலி நீரை உக்குவெலைக்கு இட்டுச் சென்று, அம்பன் கங்கைப் பக்கமாகத் திருப்பிற்று. 1977 இற் பதவியேற்ற அரசு, முப்பது ஆண்டு வேலையின் முதன்மைப் பகுதிகளை ஆறு ஆண்டுகளில் முடிக்க முனைந்தது. 1985 இற் கொத்மலையும் விக்டோரியாவும், 1986 இல் ரந்தெனிகலையும், 1990 இல் ரந்தம்பையும் எழுந்தன. விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். பதினைந்து ஆண்டுகளுக்குள் மேல் மகாவலி, பாயும் ஆறு என்ற நிலையிலிருந்து படிப்படியான நீர்த்தேக்கங்களின் வரிசையாக மாறிற்று.

இத்திட்டத்தால் இந்நாடு பெற்ற பயன் பெரிது. நெல் விளைந்தது, மின்விளக்கு எரிந்தது, நிலமற்றோர் நிலம் பெற்றனர். தெல்தெனிய போன்ற பழைய ஊர்கள் நீரில் மூழ்கியதும், அங்கு வாழ்ந்தோர் வேரோடு பெயர்ந்ததும் மனிதர் கொடுத்த விலை. அவ்விலையைப் பற்றிப் பேச மனிதருக்கு நாவுண்டு. ஆற்றின் உயிர்கள் கொடுத்த விலையைக் கணக்கிட நெடுங்காலம் ஒருவரும் முன்வரவில்லை.

அக்கணக்கை ஆற்றின் போக்கிலேயே பார்க்கலாம். மேற்பகுதியில், லேபியோ பிசேரிக்கு உறைவிடமாயிருந்த பாறைகளும் விரைநீரும் ஆழ்ந்த தேக்கத்தின் அடியிற் புதைந்தன. இன்று அவ்வினம் அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் இடம்பெறுகின்றது. பொல்கொல்லைக்குக் கீழே, நீரின் பெரும்பகுதி சுரங்கவழியே போய்விட, வறண்ட மாதங்களில் ஆற்றுப்படுகையிற் சிறு ஒழுக்கே மிஞ்சியது. தேயிலைச் சரிவுகளினின்று வந்த வண்டல் பொல்கொல்லைத் தேக்கத்தை விரைவிலே தூர்த்தது. மின்சாரத்தின் தேவைக்கேற்ப நீரை விடுவதும் நிறுத்துவதும் வழக்கமானமையால், கீழேயுள்ள ஆறு ஒரே நாளில் ஏறவும் இறங்கவும் தலைப்பட்டது. கரையோரத்தில் முட்டையிட்ட மீனுக்கு அத்தகைய நாள் ஒன்றே போதும்; காலையில் நீருள் இருந்த முட்டை மாலையில் மணலிற் காயும். கடலிலிருந்து வரும் விலாங்குக் குஞ்சுக்கு 122 மீற்றர்ச் சுவரில் ஏற வழியேது?

சமவெளியில் நேர்ந்த இழப்பு கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. அமெரிக்க உதவியோடு 1980 இல் தயாரிக்கப்பட்ட சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை, ஆற்றின் பெருக்குக் குறைவதால் வில்லுகள் சுருங்கும் என்பதை அணைகள் முடியுமுன்னரே எடுத்துரைத்தது. அவ்வறிக்கையின் பயனாக வஸ்கமுவையும் வெள்ளச் சமவெளியும் 1984 இலும், சோமாவதி 1986 இலும் தேசிய வனங்களாயின. யானைக்குப் புகலிடம் கிடைத்தது என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் வனத்துக்கு எல்லைக்கல் நாட்டுவதால் மட்டும் வில்லுக்கு நீர் வந்துவிடாது. வில்லை நிரப்புவது ஆண்டுதோறும் எழும் நடுத்தரப் பெருக்கு. அணைகள் முதலில் விழுங்குவது அந்த நடுத்தரப் பெருக்கைத்தான். 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கிழக்கிலங்கையை மூழ்கடித்தது போன்ற பேரளவு வெள்ளங்களை அவை முற்றாகத் தடுப்பதில்லை. இதனால் மனிதனுக்குக் கேடான வெள்ளம் எஞ்சி நிற்க, மீனுக்கு நலமான வெள்ளம் குன்றிப்போகும் விபரீதம் நேருகின்றது.

ஆற்றின் இறுதியில் இருப்பவர் கொட்டியாரத்தும் வெருகலினதும் மக்கள். ஆற்று நீர் கடலை நோக்கித் தள்ளும் வலிமை குறையும்போது, உவர் நீர் கழிவழியே உள்ளே ஏறுகின்றது. கழிமுகத்துக்கு ஆறு கொண்டுவரும் வண்டலும் சத்தும் குறைகின்றன. இறாலும் பலவகைக் கடல்மீன்களும் தம் இளம்பருவத்தைக் கழிக்கும் இடம் அக்கழிமுகமே. மலைநாட்டில் ஓர் அணையின் கதவு மூடப்படுவதற்கும், கடலோரத்து வலைஞன் ஒருவனின் வலை இலேசாவதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. ஆயினும் அவ்விரண்டையும் ஒரே ஆறு இணைக்கின்றது. அணையின் கணக்குப் புத்தகத்தில் வீணான நீர் என்று எழுதப்படுவது, இவ்வலைஞனுக்கு உரிய பங்காகவும் இருக்கலாம்.

இத்தீங்கை உணர்ந்து உழைத்தோரும் உளர். 1980 களின் தொடக்கத்தில், ரணில் சேனநாயக்கா முதலிய ஆய்வாளர்கள், களனி முதலிய ஈர வலய ஆறுகளிற் காடழிவால் நலிந்த சில மீனினங்களை மேல் மகாவலியின் கிளையோடைகளுக்கு மாற்றிக் குடியேற்றிப் பார்த்தனர். அவற்றுட் சில அங்கு நிலைபெற்றன. 1985 இல், நக்கிள்ஸ் மலையடியிலுள்ள கலு கங்கையிலிருந்து, முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல்போல் நீண்ட ஒரு புதிய கெண்டையினத்தைச் சேனநாயக்கா விவரித்தார். இது களுத்துறையிற் கடலை அடையும் களு கங்கையன்று. அம்பன் கங்கையோடு கலக்கும் வேறோர் ஆறு. 1991 இல் றொஹான் பெத்தியாகொடவின் நன்னீர் மீன் நூல் வெளிவந்து, சுதேச மீன்களின் அருமையைப் படித்தோரிடையே பரப்பியது. அதே ஆண்டில் அம்பன் கங்கைப் பகுதியிலிருந்து மற்றுமொரு புதிய கெண்டை அறியப்பட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத இம்மீன்களின் ஆற்றுப்பகுதிகளிலேயே, மொரகஹகந்தை, கலு கங்கை நீர்த்தேக்கங்கள் 2017, 2018 ஆம் ஆண்டுகளிற் செயற்படத் தொடங்கின. ஓர் உயிரினம் பெயரிடப்பட்டு ஒரு தலைமுறை கழியுமுன் அதன் ஆறு தேக்கமாகின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

இதற்கு மாற்று என்ன? அணைகளை உடைத்தல் வேண்டும் என்று எவரும் கூறவில்லை. அணையைத் திறக்கும் முறையிலே மாற்றம் வேண்டும் என்பதே கோரிக்கை. பிறநாட்டு அனுபவம் இங்கே உதவும். ஆஸ்திரேலியாவின் மறே, டார்லிங் ஆறுகளிற் கடந்த நூற்றாண்டு முழுவதும் அணைகள் எழுந்தன. 2003 ஆம் ஆண்டில் அறிஞர்கள் மதிப்பிட்டபோது, ஐரோப்பியர் குடியேறுமுன் இருந்த சுதேச மீன்களிற் பத்தில் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. அந்நாடு 2007 இல் நீர்ச்சட்டம் இயற்றியது; 2012 இல் வகுத்த திட்டத்தில், ஆண்டுக்கு 2,750 பில்லியன் லீற்றர் நீரைப் பாசனத்தினின்று மீட்டு ஆற்றுக்கே அளிப்பதை இலக்காக்கியது. கடலிலிருந்து ஹியூம் அணைவரை ஆற்றின் குறுக்கேயுள்ள தடுப்புகளில் மீன்கள் ஏறும் படிவழிகளையும் அமைத்தது. அவ்வளவு செய்தும், 2018 இறுதியிலும் 2019 தொடக்கத்திலும் டார்லிங் ஆற்றில் மெனின்டி என்னுமிடத்திற் பிராணவாயு குன்றிய நீரில் மீன்கள் இலட்சக்கணக்கில் மாண்டன. காலந்தாழ்த்திச் செய்யும் பரிகாரம் எத்துணைக் கடினமானது என்பதற்கு அதுவே சான்று.

இலங்கையிலும் இவ்வெண்ணத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. 2012 இற் செயற்படத் தொடங்கிய மேற் கொத்மலை மின்திட்டத்தில், சென் கிளயார் அருவி முற்றாக வற்றிவிடாதவாறு நாள்தோறும் ஓரளவு நீரை விடவேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. அருவியின் அழகைக் காண்போர் குரல் எழுப்பினர். அதனால் நீர் விடப்பட்டது. அழகுக்காக விடக்கூடிய நீரை உயிருக்காகவும் விடலாம் அன்றோ? மாரி தொடங்கும் வேளையில் முட்டையிடத் தூண்டும் ஒரு பெருக்கு, வில்லுகள் நிரம்ப ஆண்டுக்கொரு முறை கரை மேவும் நீர், கோடையில் ஆற்றின் மடுக்கள் வற்றாதிருக்க இடையறாத ஓர் ஒழுக்கு என்னும் மூன்றும் கால அட்டவணையில் இடம்பெறுதல் வேண்டும். வருடத்தில் இவ்வளவு கனஅடி என்று அளவை மட்டும் குறித்தால் போதாது. எப்போது விடுவது என்பதிலேதான் மீனின் வாழ்வு தங்கியிருக்கின்றது.

நீரோடு பிற கடமைகளும் உள. வேற்றுநாட்டு மீன்களைக் கண்ணாடித் தொட்டியிலிருந்து வாய்க்காலிற் கொட்டிவிடும் வழக்கம் ஒழியவேண்டும். ஆற்றங்கரைக் காடு பேணப்படவேண்டும். மணல் அள்ளுதலுக்கு எல்லை வேண்டும். அணைகள் அற்ற சில கிளையாறுகளையாவது என்றும் அணையற்றனவாகவே விட்டுவைத்தால், இடம் இழந்த இனங்களுக்கு அவை கடைசிப் புகலிடமாகும்.

நேயர்கள் மீண்டும் பராக்கிரமபாகுவின் உறுதிமொழியை நினைத்துப் பார்ப்பார்களாக. அம்மன்னன் பயனின்றிக் கடலைச் சேரும் நீரையே மறுத்தான். கடலைச் சேரும் நீர் அனைத்தையும் பயனற்றது என்று அவன் சொன்னதாகத் தெரியவில்லை. அவன் காலத்தில் மகாவலியின் மாரிப் பெருக்கு வில்லுகளை நிரப்பி, கொட்டியாரத்துக் கடலோடு கலந்துகொண்டேயிருந்தது. அப்பெருக்கிலே மீன் வளர்ந்தது. அம்மீனை மாந்தரும் உண்டனர். எது பயன் என்னும் கேள்விக்கு அணை கட்டிய தலைமுறை நெல் என்றும் மின்சாரம் என்றும் விடை கூறிற்று. அவ்விடை பிழையன்று, முழுமையானதும் அன்று. மகாவலியின் அடியிற் பாறையைச் சுரண்டி வாழும் ஒரு கெண்டைக்கும், வெருகற் கரையில் வலையோடு காத்திருக்கும் ஒரு மனிதனுக்கும் உரிய பங்கைச் சேர்த்து எழுதும்போதே அவ்விடை நிறைவு பெறும்.